சொந்த வெப்சைட் இல்லாதவள்

நாலு கம்பெனி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. நாலிலும் ஒரே கேள்வி: "சொந்தமா வெப்சைட் கட்டலையா?" அவள் செல்போன் திரைகளை வடிவமைப்பவள். செய்த வேலையைப் பதினோரு பக்கப் பிடிஎஃப்பாக வைத்திருந்தாள். அதைத் திறந்து பார்க்க ஒரு மகராசனுக்கும் மனசு வரவில்லை. ஐந்தாவது இடமும் கைவிரித்தால் இந்தத் தொழிலையே தலைமுழுகுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளிகள் இருவர், அத்தானும் மச்சினனும். அத்தான் எடுத்த எடுப்பில் அதே கேள்வியைப் போட்டார்.

"டிசைனுக்குத்தானே ஆள் எடுக்கறோம்? வெப்சைட் எதுக்கு?" என்றான் மச்சினன்.

"நீ அப்படித்தான் சொல்லுவ. உன்னோடதையே நான்தானே கட்டிக் குடுத்தேன். அதைக் காட்டித்தானே டிசைனர்னு திரியற."

பத்து வருஷமாகக் கேட்ட குத்தல் போலிருக்கிறது. மச்சினன் கீபோர்டைப் பிடுங்கி அத்தான் முகத்தில் அறைந்தான். மூக்கு உடைந்து சட்டையெல்லாம் ரத்தம். அத்தான் சும்மா விடுவாரா? மேசையைத் தாண்டிப் பாய்ந்து, மச்சினன் கழுத்தைப் பிடித்துக் கண்ணாடித் தடுப்பில் மோதினார். கண்ணாடி விரிசல் விட்டது. மோதியவர் பிடியை விடவில்லை. மச்சினன் கண் பிதுங்கியது. விலக்கப் போனவளின் வாயில் யாருடைய முழங்கையோ இறங்கி உதடு கிழிந்தது.

அப்போது வந்த கோபம் அவளுக்கே புதிது. ஸ்டீல் தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அத்தான் முதுகில் ஒன்று, மச்சினன் தோளில் ஒன்று, பாரபட்சமில்லாமல் போட்டாள். பிடி விட்டு இருவரும் விலகியதும் கதவைத் தாழிட்டாள்.

"உக்காருங்க. என்னை வச்சு அடிச்சுக்கறீங்களே, என் வேலையை ஒருத்தராவது பார்த்தீங்களா? இப்ப பாருங்க. எந்திரிச்சா மண்டை உடையும்."

இருவரும் பெட்டிப்பாம்பாக உட்கார்ந்தார்கள். வலது கையில் பாட்டில் இருக்க, இடது கையால் லேப்டாப்பில் பக்கங்களைத் தள்ளினாள். தடுப்பூசிக்குத் தாய்மார்கள் பதிவு செய்வதற்கான செயலி அது.

ஆறாவது பக்கத்தில் அத்தான் மூக்கைப் பொத்திக்கொண்டே குனிந்தார். "இந்த பட்டனை ஏம்மா இவ்வளவு கீழ வச்ச?"

ஐந்து இடம் ஏறி இறங்கியதில் அவளுடைய வேலையைப் பற்றி வந்த முதல் கேள்வி. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஒரு கையில பிள்ளை இருக்கும் சார். போன் பிடிச்ச கையோட கட்டைவிரல் அங்கதான் எட்டும்."

அத்தான் ரத்தக் கையோடு தன் போனை எடுத்து, கட்டைவிரலை நீட்டிப் பார்த்தார்.