பஞ்சாங்கத் தாளில் மடித்த பொடி

ஒரு கையில் காபி டம்ளரும் மறு கையில் கைப்பேசியும் இருந்தால்தான் சேஷனுக்குப் பொழுது விடிந்த மாதிரி. அன்று அவர் கண் விழிப்பதற்குள் கரமனைத் தெருக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் எழுபது செய்திகள் வந்து குவிந்திருந்தன. எல்லாம் ஒரே விஷயம்தான். முந்தின நாள் மத்தியானம், சேஷன் வேலை பார்க்கும் அரசு அலுவலகத்தில் மந்திரி நடத்திய கூட்டத்தில், யாரோ சாயாவில் விஷம் கலந்துவிட்டார்களாம். மந்திரியின் செயலாளர் விஜய்குமார் மூச்சுத் திணறி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இன்னும் இரண்டு பேர் வாந்தி எடுத்திருக்கிறார்கள்.

மந்திரியை ஒழித்துக்கட்ட எதிர்க்கட்சி செய்த வேலை என்று ஒருவர் எழுதியிருந்தார். அனுதாபம் தேடி மந்திரியே செய்துகொண்ட வேலை என்றார் இன்னொருவர். நிலத்தகராறு சம்பந்தப்பட்ட பழைய ஃபைல் ஒன்றை அமுக்கத்தான் இத்தனை நாடகமும் என்று மூன்றாமவர் அடித்துச் சொன்னார். இவர்களில் ஒருவரும் அந்தக் கட்டடத்துக்குள் கால் வைத்தவர் இல்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் மந்திரியின் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்த மாதிரியே எழுதியிருந்தார்கள்.

கடைசியில் இரண்டு வீடு தள்ளியிருக்கும் கௌசிக், சேஷனையே நேராகக் கேட்டிருந்தான். உள்ளே இருக்கிறவர் நீங்கள்தானே மாமா, என்னதான் நடந்தது என்று.

நடந்தது சேஷனுக்குத் தெரியாது. கூட்டம் நடந்தது மூன்றாவது மாடியில். அவர் ரெக்கார்ட் ரூம் சூப்பிரண்டு. பழைய ஃபைல்கள் அடுக்கிய அந்த அறை கீழ்த்தளத்தில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் இருந்தது. மேலே கூச்சல் கேட்டு அவர் படியேறிப் போவதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஆனால் இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இப்படி ஒரு தெருவே தன் வாயைப் பார்த்துக் காத்திருந்த நாள் அவருக்கு வாய்த்ததில்லை. மைக் படத்தை அமுக்கித் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பேர் சொல்லப்படாது. ஆனா ஒண்ணு மட்டும் சொல்றேன், கேட்டோ. ரெக்கார்ட் ரூம்லேர்ந்து ஃபைலக் கொண்டுபோன ப்யூன், பத்து நிமிஷத்துல மேல போகவேண்டியவன், முக்கால் மணி கழிச்சுதான் போய்ச் சேர்ந்தான். நடுவுல எங்க நின்னான், யாரப் பாத்தான்? இத யாராவது கேட்டாளோ?"

சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அந்த ப்யூன் பாறசாலைப் பக்கத்துச் சத்தியநேசன். அன்று லிஃப்ட் ஓடவில்லை. அவனுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறுவான். இதெல்லாம் சேஷனுக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் கதையில் உப்பு இருக்காது என்று விட்டுவிட்டார்.

மத்தியானத்துக்குள் அந்தக் குரல் ஆரியசாலைக் கடைகளைத் தாண்டி, ஊரைத் தாண்டி, ஒரு மலையாள டிவி சேனலுக்கே போய்விட்டது. குரலைக் கரகரவென்று மாற்றி, 'அலுவலகத்துக்குள்ளிருந்து ஒரு சாட்சி' என்று போட்டார்கள். சேஷனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாயங்காலம் போலீஸ்காரர்கள் வந்து சத்தியநேசனை அழைத்துப் போனபோது அந்தப் பெருமை வடிந்தது. போகும்போது அவன் ரெக்கார்ட் ரூம் வாசலில் நின்று, சாவியைச் சேஷன் கையில் கொடுத்து, மேசை மின்விசிறியை அணைக்க மறந்துவிட்டதாகச் சொன்னான். சேஷன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் சத்தியநேசனுக்கு சஸ்பென்ஷன். கேமராவில் பதிந்த அவன் உருவத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு எல்லாச் சேனலிலும் ஓட்டினார்கள். அவன் படியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொள்வது, யாருக்கோ காத்திருப்பதாகச் சொல்லப்பட்டது. அவன் சட்டைப்பையில் கைவிட்டு மூக்குக்கண்ணாடி எடுப்பது, எதையோ எடுப்பதாகச் சொல்லப்பட்டது. வீட்டில் தமிழ் பேசுகிற, எல்லையோரத்து ஆள் என்பதும் ஒரு சாட்சியமாகிவிட்டது.

நான்காம் நாள் சேஷன் ஆபீஸிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தார். கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கூட்டம் நடந்த மேசையில் போலீஸார் கண்டெடுத்த பொருளின் படம் என்று ஒன்றைக் காட்டினார்கள். கிழிந்த சிறு பொட்டலம், அதில் ஒட்டிய வெளிறிய மஞ்சள் பொடி. பொட்டலத் தாளில் கட்டம் கட்டமாகத் தமிழ் எழுத்தும் எண்களும். ஒரு தேதியைச் சிவப்புப் பென்சிலால் வளைத்திருந்தது. இது ரகசியச் சங்கேதம், வளைத்திருப்பது தாக்குதலுக்குக் குறித்த நாள் என்று ஒரு நிபுணர் விளக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது என்பது மட்டும் நன்றாகத் தெரிந்தது.

சேஷனின் மனைவி வாலாம்பாள் டிவிக்கு அருகே போய் உற்றுப் பார்த்தாள். திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது.

"ஏன்னா, இது நம்மாத்துப் பஞ்சாங்கம். ஆவணி மாசத்துத் தாள். ஒங்கப்பா திதிக்கு நான்தான் செவப்புப் பென்சிலால வளைச்சேன்."

சேஷன் ஈரக்காலோடு அப்படியே நின்றார். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. ரெக்கார்ட் ரூமில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து கேட்டு எழுதி எழுதி அலுத்துப்போய், ஐந்தாறு வருஷம் முன்பு அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஏட்டுச்சுவடிக்கு வீட்டில் வைக்கிற வசம்பை இடித்து, போரிக் பவுடரோடு கலந்து, வருஷம் முடிந்த பஞ்சாங்கத்தைக் கிழித்துப் பொட்டலம் கட்டி, ஃபைல்களுக்கு நடுவே செருகிவிடுவார். மேலிடத்தில் அனுமதி வாங்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பழைய ஃபைலை விஜய்குமார் பிரித்திருக்கிறார். நைந்த பொட்டலம் கிழிந்திருக்கிறது. பொடி மூக்கில் ஏறியிருக்கிறது, பக்கத்திலிருந்த சாயாவிலும் விழுந்திருக்கிறது. விஜய்குமாருக்கு ஆஸ்துமா உண்டு என்று பின்னால் தெரிந்தது. மற்ற இரண்டு பேரும் அவர் விழுந்ததைப் பார்த்துப் பயந்தே வாந்தி எடுத்தவர்கள்.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சேஷன் சொல்லவில்லை. ஒன்றரை வருஷத்தில் பென்ஷன். அனுமதியில்லாமல் பொடி வைத்ததற்கு விசாரணை வரும், இன்கிரிமென்டை நிறுத்துவார்கள், தெருவில் தலைகாட்ட முடியாது. தானே அடங்கிவிடும் என்று வாலாம்பாளிடம் சொன்னார். அவள் இரவு அவருக்குச் சாதம் பரிமாறிவிட்டு, தான் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஆனால் அடங்கவில்லை. மறுநாள் அதே தெருக்குழுவில் ஒரு வீடியோ வந்தது. பாறசாலைப் பக்கத்து அங்கன்வாடி ஒன்று. அங்கே சமைத்துப் போடுகிறவள் சத்தியநேசனின் மனைவி ரத்னாபாய். கஞ்சி வார்த்த தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த குழந்தைகளை, தாய்மார்கள் கையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒருத்தி தன் பிள்ளையின் வாயில் விரலை விட்டுத் துப்பச் சொல்கிறாள். கரண்டியும் கையுமாக ரத்னாபாய் சுவரோடு ஒட்டி நிற்கிறாள். 'விஷக்காரன் பெண்டாட்டி சமையல்' என்று யாரோ தலைப்புப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே சிரிக்கும் பொம்மைகள், சேஷனுக்கு நன்றாகத் தெரிந்த பெயர்களிலிருந்து.

சேஷனால் அந்த வீடியோவை இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நேரே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். பொடி, பஞ்சாங்கம், லிஃப்ட், முட்டி வலி, தன் குரல் என்று ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வீட்டிலிருந்த மிச்சப் பஞ்சாங்கத்தையும் கொடுத்தார். கிழிந்த ஓரம் பொட்டலத் தாளோடு அப்படியே பொருந்தியது. ஆய்வுக்கூட அறிக்கையும் வசம்பு, போரிக் அமிலம் என்றே வந்தது. ஒரு வாரத்தில் அரசு விளக்கம் வெளியிட்டது. சேஷனுக்கு மெமோ வந்தது. சத்தியநேசனைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஊர் நம்பவில்லை. ஒரு பஞ்சாங்கக் கதையைச் சொல்லிப் பெரிய இடத்து ஆளைக் காப்பாற்றிவிட்டார்கள் என்றது ஒரு கூட்டம். போரிக் அமிலம் விஷம்தானே, அவர்களே ஒத்துக்கொண்டார்களே என்றது இன்னொன்று. சேஷனை மிரட்டி எழுதி வாங்கிவிட்டார்கள் என்று தெருக்குழுவிலேயே பேசினார்கள். நான்தான் வைத்தேன் என்று அவர் தன் குரலிலேயே சொல்லிப் பார்த்தார். பாவம், மாமா பயந்துபோயிருக்கிறார் என்று பதில் வந்தது. கௌசிக் ஒரு படி மேலே போனான். 'மாமா, நீங்கோ இப்போ என்ன சொன்னாலும் சரி, உள்ள நடந்தது இதாக்கும்' என்று ஒரு ஒலிப்பதிவை ஆதாரமாக அனுப்பினான். போட்டுக் கேட்டார். முதல்நாள் அவர் பேசிய அதே பேச்சு.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பாறசாலை பஸ் ஏறினார். சத்தியநேசன் வேலைக்குப் போயிருந்தான். அங்கன்வாடியைத் தேடிப் போனபோது உச்சிப் பொழுது. பதினெட்டுக் குழந்தைகளுக்கான பாய் விரித்திருந்தது. மூன்று குழந்தைகள்தான் இருந்தன. ரத்னாபாய் அவர்களுக்குக் கஞ்சியும் பயறும் வைத்துக்கொண்டிருந்தாள்.

சேஷன் தான் யாரென்று சொன்னார், தெருக்காரர்கள் கேட்டதையும் தான் பேசியதையும் சொன்னார். கைகூப்பினார். தான் தொடங்கியதைத் தன்னாலேயே நிறுத்த முடியவில்லை என்றார். வாசலில் இரண்டு தாய்மார்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் பார்க்கட்டும் என்று தனக்கும் ஒரு தட்டில் கஞ்சி வைக்கச் சொல்லி, பாயில் உட்காரப் போனார்.

"அது பிள்ளைகளுக்குள்ளது சாரே," என்றாள் ரத்னாபாய். "கணக்கா வருதது. பெரியவங்களுக்குக் குடுக்கக்கூடாது."

சேஷன் பாதி குனிந்தவர் நிமிர்ந்தார். அவள் பானையை மூடி வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். கோபம் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது.

"நீங்க ஒத்துக்கிட்டது நல்ல காரியந்தான், நான் குத்தம் சொல்லல்ல. ஆனா அண்ணைக்கி ஒங்கள்ட்ட கேட்டாங்கல்லா, என்ன நடந்ததுண்ணு? எனக்குத் தெரியாதுண்ணு ஒரு வார்த்தை சொல்லியிருந்தியளுண்ணா, மிச்சப் பதினஞ்சு பிள்ளையளும் இப்பம் இந்தப் பாயில இருந்து கஞ்சி குடிச்சிருக்கும். தெரியாதுண்ணு சொல்லுததுல என்ன கொறச்சல் சாரே? தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொல்லுததுதான் பாவம். அத வாங்கிப் பத்து பேருக்கு அனுப்புதவனுக்கும் அந்தப் பாவத்துல பங்கு உண்டு."

வாசலில் நின்ற இருவரில் ஒருத்தி, கையிலிருந்த கைப்பேசியை மெல்லக் கீழே இறக்கினாள்.