விரல் தெரிய வேண்டும்

டாக்டரம்மா அந்த வீடியோவை மூன்று முறை ஓட்டிப் பார்த்தார். பிறகு கணினித் திரையை வீடியோக்காரன் பக்கம் திருப்பினார்.

"படம் ரொம்ப அழகா இருக்கு சார். ஆனா விரல் எங்க?"

அவன் குனிந்து பார்த்தான். பதினைந்து வருடமாகக் கல்யாண மண்டபங்களில் கேமரா தூக்கியவன். எவ்வளவு மங்கிய வெளிச்சத்திலும் மணப்பெண் முகத்தில் ஒரு பொட்டு அழுக்குத் தெரியாமல் எடுப்பான் என்று பெயர் வாங்கியவன். திரையில் அவனுடைய ஏழு வயது மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கன்னம் வெண்ணெய் மாதிரி வழவழவென்று இருந்தது. வலிப்பு வந்த கணத்திலோ அவள் கை வெறும் புகையாகக் கலைந்தது.

"வாய் கோணுறது முதல்லயா, கை உதறுறது முதல்லயா? எனக்கு அது தெரியணும். தலையில வயர் ஒட்டி ரெண்டு தடவை பார்த்தாச்சு, ஒண்ணும் பிடிபடல. இங்க வந்தா அவளுக்கு வரவே மாட்டேங்குது. குருட்டாம்போக்குல மாத்திரையை மாத்தினா, சில வகை வலிப்பு கூடிடும்."

வெளியே வந்ததும் அவன் மனைவி அடக்கி வைத்திருந்ததைக் கொட்டினாள். "கல்யாண ஆல்பத்துக்கு எடுத்த மாதிரி எடுத்து வெச்சிருக்கீங்க."

சுருக்கென்று தைத்தது. ஆனால் உண்மை. இருட்டில் எடுத்தால் படத்தில் புள்ளி விழும். புள்ளி விழுவது அவன் தொழிலில் மானக்கேடு. அதனால் படத்துக்கு வெளிச்சம் ஏற்றும் ஐஎஸ்ஓவைக் குறைத்து, ஷட்டரை நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும்படி வைத்திருந்தான். கேமரா ஆற அமர வெளிச்சத்தைக் குடித்தது. அதற்குள் விரல்கள் பத்து இடம் போய்வந்துவிட்டன.

மகளுக்கு வலிப்பு வருவது மத்தியானத் தூக்கத்தில், கண் செருகும் நேரத்தில்தான். மறுநாள் சாப்பாடு முடிந்ததும் அவள் கூடத்தில் படம் வரைந்துகொண்டிருக்க, இவர்கள் படுக்கையறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டார்கள்.

"கொஞ்சூண்டு விலக்கி வைக்கலாமா?" என்று கேட்டான்.

"முழிச்சுக்குவா. செல்போன் வெளிச்சத்துக்கே முழிக்கிறவ."

மகளின் இடத்தில் மனைவி ஒருக்களித்துப் படுத்து விரல்களை வெடவெடவென்று ஆட்டினாள். அவன் ஷட்டரை இருநூறில் ஒன்றாக மாற்றினான். விரல்கள் கலையாமல் நின்றன, ஆனால் படம் கும்மிருட்டானது. ஐஎஸ்ஓவை ஏற்றினான். ஏற்ற ஏற்ற, மணலை வாரி இறைத்தது போல் முகமெல்லாம் புள்ளி. அது போதாதென்று இன்னொரு வம்பு: லென்ஸை முழுக்கத் திறந்தால் கண் துல்லியமாக இருக்கும்போது கை மங்கியது. லென்ஸைக் கொஞ்சம் மூடி, முகமும் கையும் ஒரே தூரத்தில் விழும்படி ஸ்டாண்டைக் கட்டிலின் பக்கவாட்டுக்கு நகர்த்தினான். குறைந்த வெளிச்சத்துக்கு ஈடாக ஐஎஸ்ஓவை மறுபடி ஏற்றினான். இருட்டில் கேமரா தானாக ஃபோகஸ் தேடி அலையும் என்று அதையும் நிறுத்திவிட்டுக் கையாலேயே திருகி வைத்தான்.

"இதை எவனாவது பார்த்தா நாளைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டான்."

மனைவி எழுந்து வந்து பார்த்தாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு... அஞ்சு விரலும் எண்ண முடியுது. இருக்கட்டும்."

மகள் வந்து படுத்தாள். "அப்பா, நான் சிரிக்கணுமா?"

"வேண்டாம்டா தங்கம். நீ தூங்கு."

பத்து நிமிடம். மின்விசிறி மட்டும் கடகடத்தது. மூச்சு சீரானது. பதிவு ஓடுகிறதா என்று அவன் நூறாவது முறையாகப் பார்த்தான். நெற்றியில் வியர்வை அரித்தது; துடைக்கக்கூடப் பயம், ஸ்டாண்டில் கை பட்டுவிட்டால்?

அப்போது மகளின் வாயோரம் சுண்டி இழுத்தது. ஒருமுறை. இன்னொரு முறை. பிறகு கை.

மனைவியின் கை தன்னாலே நீண்டு மகளின் விரல்களை மூடப் போனது.

"பிடிக்காத!" என்று கத்தினான். "மறைக்குது. கையை எடு!"

அவள் கையைச் சுட்டுக்கொண்டவள் போல் இழுத்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவன் நொடிகளை உரக்க எண்ணினான். இருபது. முப்பது. முப்பத்தெட்டில் அவன் குரல் உடைந்தது. ஐம்பத்து மூன்றில் மகளின் கை தளர்ந்து மெத்தையில் விழுந்தது. அதற்கப்புறம்தான் கேமராவை விட்டு ஓடி அவள் தலையைத் தாங்கினான்.

மறுநாள் டாக்டரம்மா அந்தப் புள்ளி விழுந்த படத்தைக் கட்டம் கட்டமாக நகர்த்தினார். ஒரு கட்டத்தில் நிறுத்தி, திரையைப் பேனாவால் தொட்டார்.

"வாயோரம். பாருங்க, கட்டைவிரல் இன்னும் அசையல. அப்புறம்தான் கைக்கு இறங்குது, அதுவும் வலப்பக்கம் மட்டும்." நாற்காலியில் சாய்ந்தார். "நான் பயந்த வகை இல்ல. நிறையப் பிள்ளைங்களுக்கு வளர வளர நின்னுடும். மாத்திரையை மாத்திடுவோம்."

படிக்கட்டில் இறங்கும்போது மகள் முன்னால் குதித்துக்கொண்டு ஓடினாள். மனைவி அவன் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நேத்து என்னால ஒரு நிமிஷம் தாங்க முடியல. நீங்க மட்டும் எப்படிங்க நின்னீங்க?"

"நான் எங்க அவளைப் பார்த்தேன்? விரல் தெரியுதா, விரல் தெரியுதான்னு திரையைத்தான் பார்த்தேன்."

சொல்லிவிட்டு அங்கேயே படியில் உட்கார்ந்தான். எழுந்திருக்க வெகுநேரம் பிடித்தது.

புது மாத்திரைக்குப் பிறகு அந்த மாதம் இரண்டு தடவை வந்தது. அடுத்த மாதம் வரவில்லை.