ஊறுகாய்க்கு வந்த ஈக்கள்

2003 நவம்பரில் ரெங்கராஜ் போட நினைத்த ஊறுகாயால், சவுதியின் வடக்கே ஒரு தோட்டத்தில் முப்பது ஆலிவ் மரங்கள் கெட்டன. காயைத் துளைத்து முட்டையிடும் ஈக்கள் அன்றிலிருந்து அவர் பின்னாலேயே நடமாடின. உதிர்ந்த காயைக் குழியில் போட்டு மூட வேண்டும், ஒரு காய்கூட வேலி தாண்டக் கூடாது என்பது போர்மேன் முகம்மது யூசுப் போட்ட சட்டம். பெரம்பலூர்க்காரரான ரெங்கராஜுக்கோ உதிர்ந்த காயைப் பார்த்ததும் மாவடு நினைவுதான் வந்தது. வடக்குத் தோப்பில் ஒரு சாக்கு வாரி, தெற்கு கேம்ப்புக்குக் கொண்டுவந்து, நல்லெண்ணெய் கிடைக்கட்டும் என்று கட்டிலடியில் போட்டுவைத்தார். எண்ணெய் வரவில்லை. புழு வந்தது, புழு ஈயாயிற்று, ஈ கேம்ப்பைச் சுற்றி நின்ற முப்பது மரத்துக் காயையும் துளைத்தது.

"ஊறுகாயா போடுற, ஊறுகாய்? கலாஸ், தோப்பயே முடிச்சிட்ட!" என்றார் யூசுப்.

"என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு கூட்டம் வரல, பாய்."

யூசுப் சிரிக்கவில்லை. ரெங்கராஜ் நின்றால் ஈக்கள் நின்றன, படுத்தால் போர்வைமேல் படுத்தன. அவர் விட்டுப்போன இடத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. செத்த ஈக்குப் பதில் புது ஈ டூட்டிக்கு வந்தது. ஆகவே கெட்டுப்போன முப்பது மரங்களுக்கு நடுவே அவருக்கு ஒரு தகர ரூம் கட்டி, சுற்றிலும் மஞ்சள் பசை அட்டைகளைத் தொங்கவிட்டார்கள். மீதிப் பத்தாயிரம் மரங்களும் மருந்தே காணாமல் காய்த்தன.

2005 அக்டோபரில் லீவு கிடைத்தது. ஏர்போர்ட் வேன் பக்கத்துத் தோட்டத்தைக் கடக்கையில், ஈக்கள் ஜன்னலில் ஒட்டி நின்று அங்கே தொங்கிய காய்களைப் பார்த்து முனகின. "ஒரு தோட்டத்தக் கெடுத்தது போதும் பாய்" என்று டிரைவரிடம் சொல்லி, ரெங்கராஜ் தானே இறங்கித் திரும்பி நடந்தார்.

பிறகு எப்போது போகலாம் என்று கேட்டால், யூசுப் "பார்ப்போம்" என்பார், விசா கொடுத்த முதலாளியான கஃபீல் "இன்ஷா அல்லாஹ்" என்பார். மனைவி நாகஜோதியிடம் அவர் ஈயைப் பற்றி மூச்சே விட்டதில்லை. "இங்க எனக்கு ரசிகர் கூட்டம் ஜாஸ்தி, விட மாட்டேங்குறாங்க" என்று சிரித்துப் போனை வைத்துவிடுவார். ஆறு வயதில் விட்டுவந்த மகள் ராதிகா, ஒருநாள் போனை எடுத்து, "யாருங்க பேசுறது?" என்றாள்.

2009இல் ராதிகாவுக்குச் சடங்கு சுற்றிய மறுநாள் அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஊறுகாயிலிருந்து வேன்வரை எல்லாவற்றையும் நாகஜோதியிடம் கொட்டினார். ஈக்கள் போன்மேல் உட்கார்ந்து கேட்டன.

"நீயாவது சொல்லு, நான் வரட்டுமா, வேண்டாமா?"

"வாங்க" என்றாள் நாகஜோதி. "ஈயோடயே வாங்க, நம்மூர்ல ஏது அந்த மரம்? காய் பறிச்சு முடிச்ச மாசமாப் பாத்துக் கிளம்பினா வழியிலயும் யாருக்கும் கேடில்ல. அப்பவே ஒரு வார்த்த கேட்டிருந்தா, புள்ள சடங்குக்கு இருந்திருப்பீங்க."