இடது பக்கப் பொத்தான்

செப்டம்பர் 8, திங்கள்.

மொழி எது என்று கேட்ட இடத்தில் நான் அரபு என்று அழுத்திவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. பிழை சிறியதுதான், ஆனால் முதலில் அதை எழுதிவிட வேண்டும். மாலை வகுப்பில் ஆசிரியை கொடுத்த வீட்டுப்பாடம் இது: புதிய இயங்குதளத்துக்கு மாறும் ஒருவரைச் சில நாள் கவனித்து, என்ன நடந்தது, அவர் என்ன சொன்னார் என்று இரண்டு பத்தியில் எழுத வேண்டும். நம் அபிப்பிராயம் வேண்டாம் என்றார். வைத்துக்கொண்டே ஆக வேண்டுமென்றால் ஓரத்தில் பென்சிலில் எழுதலாமாம். என் ஓரம் இப்போதே நிறைந்துவிட்டது.

கவனிக்கப்படுபவர் மப்ரூகா அக்கா. க்ஸார் ஹெலால் என்ற எங்கள் ஊரில், எங்கள் பூத்தையல் பட்டறையில் பதினோரு வருடமாகக் கணினி முன் உட்கார்பவர். அவர் பெயர்களை அடித்துச் சேமிப்பார், பக்கத்திலிருக்கும் தையல் இயந்திரம் அவற்றைத் துணியில் போடும், நான் பின்பக்கத்தில் தொங்கும் நூல்களை வெட்டுவேன். அக்கா பள்ளியை ஐந்தாம் வகுப்போடு விட்டவர். அரபு வாசிப்பார், பிரெஞ்சு தெரியாது. கணினியோ இத்தனை காலமும் பிரெஞ்சில்தான் இருந்தது. எது எங்கே இருக்கிறது என்பதை வைத்தே அவர் அதை ஓட்டிவந்தார். பழைய இயங்குதளத்துக்கு இனி பாதுகாப்பு இல்லையென்று ஸி லஸ்ஹர், எங்கள் முதலாளி, ஞாயிறன்று என்னை வரச்சொல்லிப் புதியதை ஏற்றச் சொன்னார். அக்காவுக்குத் தெரிந்த மொழியில் இருக்கட்டுமே என்று நினைத்தேன். அரபுக்கு மாற்றினால் திரையே வலமிருந்து இடமாகத் திரும்பிக்கொள்ளும் என்பதை நினைக்கவில்லை.

காலை எட்டு மணி. அக்காவின் கை தானாக இடது கீழ்மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. கொஞ்சநேரம் அந்த வெறும் மூலையையே அழுத்திக்கொண்டிருந்தார்.

பயனர் சொன்னது: "யாரோ என் வீட்டுக்குள்ள பூந்து அடுப்பத் தூக்கி அந்தப் பக்கம் வச்ச மாதிரி இருக்கு." இன்னொன்று: "எல்லா மூலையையும் வளைச்சு விட்டிருக்காங்க பாரு, தவழற குழந்த இருக்கற வீடு மாதிரி."

தினமும் காலையில் தையல் மென்பொருளைத் திறந்ததும் ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் இடது பொத்தானை அழுத்துவது அவர் பழக்கம். அழுத்தினார். என்னவோ ஒரு பெரிய பக்கம் திறந்துகொண்டது, அதை மூடவே பத்து நிமிடம் ஆயிற்று. பிறகு பன்னிரண்டு பெயர்கள் அடித்தார். சேமிக்கவா என்று கேட்டதற்கும் இடதை அழுத்தினார். 'ஆம்' இருந்த இடத்தில் இப்போது 'இல்லை' இருந்தது. பன்னிரண்டும் போயின.

ஸி லஸ்ஹர், எங்கள் ஊர் ஆண்களின் கோடை வழக்கப்படி, காதில் மல்லிகைச் செண்டைச் செருகிக்கொண்டு வந்து நின்றார். பள்ளி திறக்க ஒரு வாரம்தான் இருக்கிறது. நூற்றெண்பது மேலங்கிகள், ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர். "வியாழக்கிழம மத்தியானம் பள்ளிக்கூடத்துக்காரர் வண்டியோட வர்றார். அதுக்குள்ள உனக்கு இது பிடிபடலன்னா நவ்ரஸ் இங்க உக்காரட்டும், நீ நூல் வெட்டு, மப்ரூகா. கோவிச்சுக்காத." நவ்ரஸ் நான்தான்.

அக்கா திரையை நோக்கித் திரும்பிக்கொண்டார். மொழியை மாற்றியது நான்தான் என்று நான் அப்போதும் சொல்லவில்லை.

ஓரத்தில், பென்சிலில்: ஒரு மூச்சு நேரம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த நாற்காலியை நான் இரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரபை அழுத்தியபோது உதவி மட்டும்தான் மனதில் இருந்ததா? ஆம் என்றுதான் நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

செப்டம்பர் 9, செவ்வாய்.

ஏழே முக்காலுக்குப் போய் அக்காவிடம் சொல்லிவிட்டேன். "அக்கா, மொழிய மாத்தினது நாந்தான். ரெண்டே நிமிஷம், பழையபடி பிரெஞ்சாக்கிடறேன். எல்லாம் அதது இருந்த இடத்துக்கு வந்துரும்."

"நீதான்னு தெரியும். பொட்டி தானாவா அரபு கத்துக்கிச்சு?" என்றபடி நாற்காலியை எனக்காகத் தள்ளிவிட்டார். நான் உட்கார்ந்து சுட்டியைப் பிடித்தபோது மென்பொருள் திறந்து அந்தக் காலைநேரக் கட்டம் வந்தது. அக்கா என் தோளுக்கு மேலே குனிந்து, விரலை எழுத்துக்களின் கீழே வைத்து, வகுப்பில் எழுப்பி வாசிக்கச் சொன்ன பிள்ளையைப் போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார். புதிதாக ஒன்று கற்றுக்கொள்ள விருப்பமா? வலது பொத்தானில் 'நாளை கேள்' என்றும் இடது பொத்தானில் 'சரி' என்றும் இருந்தது.

முதலில் அவருக்கு விளங்கவில்லை. மறுபடி வாசித்தார். "முன்னாடி நான் அழுத்துனது எது?"

"நாளை கேள்."

"தினமுமா?"

"தினமும்."

அவர் சிரித்த சிரிப்பில் உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். "பதினோரு வருஷம்! மனுசனா இருந்தா எப்பவோ கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பான். இது தெனம் வந்து கேட்டிருக்கு, நான் தெனம் போ போன்னு வெரட்டியிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைச் சுட்டியிலிருந்து எடுத்துவிட்டார். "மாத்தாத. இத்தன வருஷமா என்கிட்ட வேற என்னென்ன சொல்லிட்டிருந்துச்சுன்னு பாக்கணும்."

அதன் பிறகு எதையும் வாசிக்காமல் விடவில்லை. பட்டியல் ஒவ்வொன்றையும் திறந்தார். நூல் இறுக்கம் என்று ஓர் இடம் இருந்தது. ஊசி மாற்ற வேண்டிய நாளைச் சொல்லும் இடமும் இருந்தது. "இதக் கூடச் சொல்லுமா? நான் சத்தத்த வச்சுல்ல ஊசி மாத்திட்டிருந்தேன்!" ஆனால் முடிந்தது முப்பத்துநான்கு மேலங்கிகள்தான். ஸி லஸ்ஹர் மூன்று முறை வந்து எண்ணிவிட்டுப் போனார்.

நான் பிரெஞ்சுக்கு மாற்றியிருந்தால் இன்று எழுபது முடிந்திருக்கும். ஞாயிறன்று செய்தது பிழையென்றால், இன்று அதைச் சரிசெய்யாமல் விட்டது என்ன? எந்தப் பத்தியில் எழுதுவதென்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, புதன்.

காலையில் அக்கா இளஞ்சிவப்பு நூலில் ஒரு சாண் வெட்டித் திரையின் வலது விளிம்பில் ஒட்டினார். கை இடது பக்கம் ஓடும்போதெல்லாம் கண் அந்த நூலைப் பார்க்க வேண்டுமாம். இரண்டு முறை நான் "வலது, வலது" என்று பதறினேன்.

"ஏ பொண்ணு, நீ பக்கத்துல நின்னு மூச்சு விட்டாலே எனக்குக் கை தப்புது. போய் உன் நூல வெட்டு."

போனேன். பதினொரு மணிக்குப் பிறகு அவர் நூலைப் பார்ப்பது குறைந்தது. தையல் இயந்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. என் மடியில் பெயர்கள் சேர்ந்துகொண்டே இருந்தன.

சாப்பாட்டு நேரத்தில் ஸி லஸ்ஹர் என்னைக் கதவோரம் கூப்பிட்டார். "வகுப்புக்கெல்லாம் போற. உனக்கு இது தண்ணி பட்ட பாடு. நாளைக்குக் காலைல நீ உக்காந்துரு, எனக்கும் நெஞ்சு படபடப்பு இல்லாம இருக்கும்."

"நாளைக்கு மத்தியானம் வரைக்கும்னு நீங்கதானே அக்காகிட்ட சொன்னீங்க." என் குரல் எனக்கே மெலிதாகக் கேட்டது.

"உனக்கு அந்த எடம் வேண்டாமா?"

"வேணும்."

"அப்புறம்?"

"ரெண்டாவது மெஷின் வாங்குங்க, உக்காரறேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வகுப்புல இதையும் சொல்லிக்குடுக்கறாங்களா?" என்று மல்லிகைச் செண்டை எடுத்து மறு காதில் செருகிக்கொண்டு போனார். கோபமா சிரிப்பா என்று பிடிபடவில்லை. அதையே நினைத்துக்கொண்டிருந்ததில் அடுத்த இரண்டு மேலங்கிகளில் நூலைக் கொஞ்சம் நீளமாக விட்டு வெட்டியிருக்கிறேன். அவற்றைத் தனியாக எடுத்துவைத்திருக்கிறேன்.

மாலை ஐந்து மணிக்கு எண்பத்தெட்டு. நேற்றையதோடு சேர்த்து நூற்றிருபத்திரண்டு; திங்களன்று ஒன்றும் தேறவில்லை. இன்னும் ஐம்பத்தெட்டு இருக்கிறது. மணிக்குப் பத்து வீதம் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒரு மணிக்கு முன்பே முடியலாம். ஊசி உடையாமல், மின்சாரம் போகாமல் இருக்க வேண்டும்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். இன்று காலை அந்தக் கட்டம் வந்தபோது அக்கா அதை முழுதும் வாசித்தார். பிறகு, நூல் ஒட்டியிருந்த பக்கம் போய், தெரிந்தே, 'நாளை கேள்' என்பதை அழுத்தினார். பயனர் சொன்னது, திரையைப் பார்த்து: "இன்னிக்கு வேல கெடக்கு. நாளைக்கு எல்லாம் முடிஞ்சப்புறம் உக்காந்து பேசலாம், சரியா?"

ஐந்தரைக்கு நான் வகுப்புக்குக் கிளம்பும்போது கணினி அணைந்திருந்தது. மின்விசிறிக் காற்றில் அந்த நூல் மட்டும் கறுத்த திரையின் ஓரத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

நாளை: ஆறே முக்காலுக்குப் பட்டறை. புது ஊசி ஒன்று எடுத்துவைக்க வேண்டும். நீளமாக விட்ட இரண்டு மேலங்கிகளையும் திரும்ப வெட்ட வேண்டும். நூற்றிருபத்துமூன்றாம் பெயரிலிருந்து பட்டியலை நான் வாசிப்பேன், அக்கா அடிப்பார். கட்டம் வரும்போது வாயைத் திறக்கக் கூடாது.