ஈரக் குச்சி

தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து பெக்டரியில், தயாரிப்பு முழுவதையும் பார்க்கிற டீமேக்கர் நிரோஷன் வைத்ததுதான் சட்டம். கொழுந்து அரைக்கிற மூன்றாம் ரோலரின் இரும்புக் கை முறிந்தபோது வெல்டர் கஜேந்திரன் கேட்டது ஒன்றே ஒன்று. வெல்டிங் குச்சிகளைக் காயவைக்க, தேயிலையை உலர்த்துகிற டிரையர் அடுப்பருகே இரண்டு மணி நேரம் இடம் வேண்டும். ஒரு வாரமாக விடாத மழை, பிரித்துப்போட்ட பெட்டியில் குச்சிகள் நமத்துக் கிடந்தன.

தேயிலையில் நாற்றம் ஏறிவிடும் என்று நிரோஷன் அவனை நாயை விரட்டுவதுபோல விரட்டினான். கஜேந்திரனும் விடவில்லை. குச்சியின் ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் பிரிந்து உருகின இரும்புக்குள் புகுந்துகொள்ளும், ஆறிய பிறகு உள்ளேயிருந்தே விரிசல் விடவைக்கும், அது உடனே தெரியாது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் காட்டும் என்றான். செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

“இரும்புக்கு என்னா, தடுமனா புடிக்கும்? ஒட்டுறதுன்னா ஒட்டு. இல்லாட்டி வேற ஆளப் பாக்குறேன்.”

வேறு ஆள் என்றதும் கஜேந்திரன் ஈரக் குச்சியையே கையில் எடுத்தான். மனதுக்குள் திட்டிக்கொண்டே ஒட்டினான். பார்வைக்கு அத்தனை அழகான ஒட்டு, சுத்தியலால் தட்டியும் அசையவில்லை. இரண்டு நாள் ஓட்டாமல் வையுங்கள் என்று கெஞ்சியதையும் காதில் வாங்காமல் மறுநாள் காலையே ரோலரை ஓட்டச் சொன்னான் அந்த மகாராசன்.

பத்து மணிக்கு இரும்புக் கை படீரென்று முறிந்து பறந்தது. பக்கத்தில் கொழுந்து தள்ளிக்கொண்டிருந்த பூரணியின் வலது முழங்கை நொறுங்கிப்போனது.

வெல்டிங் சரியில்லை என்று நிரோஷன் முந்திக்கொண்டு தோட்ட மேனேஜரான தொரையிடம் பழியைப் போட்டான். வேலை போனதென்றே கஜேந்திரன் நினைத்தான். ஆனால் அட்டனிலிருந்து வந்த இஞ்சினியர் முறிந்த இடத்தைச் சோதித்து, இது ஈரக் குச்சியின் வேலை என்று எழுதிக்கொடுத்தார். அன்று அடுப்படியில் நின்ற டிரையர்க்காரர்கள் இருவர் நடந்ததைச் சொன்னார்கள். தொரைக்கு முன்னால் நிரோஷன் தலைகுனிந்து நின்றதைப் பார்க்கக் கஜேந்திரனுக்குக் கொள்ளைச் சந்தோஷம். நன்றாக வேண்டும் அவனுக்கு!

அந்தச் சூட்டோடு பூரணியின் லயத்து வீட்டுக்குப் போனான். கட்டுப்போட்ட கையோடு வாசலில் நின்றவளிடம் ஒன்றுவிடாமல் சொன்னான்.

“அப்ப, அது ஒடையும்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியும்?”

தெரியும், அதைத்தான் அவனிடம் தலைபாடாக அடித்துக்கொண்டேன் என்றான்.

“அவன்ட்ட சொன்னீங்க. மிசின்கிட்ட நிக்கிறது நான்தானேண்ணே. எங்கிட்ட ஏன் ஒரு வார்த்த சொல்லல?”

பூரணி உள்ளே போய் இடது கையால் கதவைச் சாத்தினாள்.