கொல்லையில் முளைத்த எருக்கு

வெர்னா பின்ஜன்னலின் திரையை இழுத்து மூடியபோது, மாவட்டச் சபைத் தலைவர் லாத்ரப் தன் உரையில் இரண்டாவது முறையாக "இறுதியாக" என்றார்.

காலையில் அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த கூட்டம், தட்டுகளோடு கூடத்தில் நின்றது. பன்றித்தொடைக் கறி ஆறிக்கொண்டிருந்தது.

"ஓரின் ஸ்டாடர்ட் வெறும் வேளாண் அலுவலர் அல்ல! களைகளை எதிர்த்துப் போர் தொடுத்த தளபதி! அவருடைய நிலத்தில் ஒரே ஒரு களையைக் காட்டுங்கள் பார்ப்போம்!"

யாரும் காட்டவில்லை. காட்டக் கூடாதென்றுதான் திரை.

ஊரார் வயலையெல்லாம் சுத்தம் செய்ய ஓடிய அப்பாவுக்குத் தன் களஞ்சியத்துக்குப் பின்னால் பார்க்க நேரம் கிடைத்ததில்லை. யாரும் சாபமிடாமலேயே அங்கே எருக்கு முளைத்திருந்தது. எருக்கின் தங்கை என்று சொல்லத்தக்க பாற்செடி: கிள்ளினால் பால், வெடித்தால் பஞ்சு. சாலையில் போகிறவர்கள் கண்ணில் படாதபடி அம்மா வேலியோரம் இரண்டு வரிசை மக்காச்சோளம் நட்டு மானத்தைக் காப்பாற்றி வந்தாள்.

பிறகு யுத்தம். ஜப்பான்காரன் இலவம்பஞ்சு விளையும் தீவுகளைப் பிடித்துக்கொண்டான். மாலுமிகளின் மிதவைச் சட்டைக்குள் அடைக்கப் பாற்செடிப் பஞ்சு வேண்டும் என்றது அரசாங்கம். 'களையை ஒழி' சுவரொட்டியின் மேல் 'களையைக் காப்பாற்று' சுவரொட்டியை அப்பாவே ஒட்டினார். இரண்டு மூட்டைக் காய்க்கு ஓர் உயிர் என்று கணக்கு. வெர்னா நடத்திய இளைஞர் மன்றப் பிள்ளைகள் மாவட்டமெங்கும் அலைந்து அரை மூட்டை கொண்டுவந்தார்கள். அப்பா அவ்வளவு சிறப்பாக வேலை பார்த்திருந்தார். காயை எந்தப் பருவத்தில் பறிப்பது என்று மன்றக் கூட்டத்தில் செய்துகாட்டும்போதுதான் மாரைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கையிலிருந்த காய் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

வெர்னா சமையலறைக்குப் போனாள்.

"அம்மா, காத்து கிளம்பிடுச்சு. பொழுது சாயறதுக்குள்ள எல்லாக் காயும் வெடிச்சிரும்."

"வெடிக்கட்டும்."

"தம்பி ராய் போர்க்கப்பல்ல இருக்கான்."

"பெத்தவ எனக்குத் தெரியாதா?" அம்மா தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "குழி மண்ணு இன்னும் காயல. அதுக்குள்ள உங்கப்பாவப் பார்த்து ஊரு சிரிக்கணுமாடி?"

"ஊரு நாளைக்கும் சிரிக்கும்மா. காய் நாளைக்கு இருக்காது."

அம்மா கையிலிருந்த தட்டு எப்போதோ காய்ந்துவிட்டது, துடைப்பது நிற்கவில்லை.

வெர்னா கூடத்துக்குத் திரும்பினாள். லாத்ரப் மூன்றாவது "இறுதியாக"வில் இருந்தார்.

"சார், ஒரு களையைக் காட்டச் சொன்னீங்களே. வாங்க."

கூட்டம் களஞ்சியத்தைச் சுற்றிக்கொண்டு போய் நின்றது. இடுப்பளவுச் செடி, கொத்துக் கொத்தாகக் காய். சில காய்கள் வாய் திறக்கத் தொடங்கியிருந்தன.

பக்கத்துப் பண்ணை கஸ் வெண்ட் தொப்பியைக் கழற்றினார்.

"அடப்பாவி மனுஷா! என் வேலியில ஒத்தச் செடியப் பார்த்துட்டு, ஊர் நடுவுல நிக்க வச்சு ஏசினியே!" சிரித்தார். யாரோ சேர்ந்து சிரித்தார்கள். வெர்னாவின் காது சிவந்தது. கோணிகளை எடுத்து விநியோகித்தாள்.

"உள்ள விதை பழுப்பா இருக்கற காயாப் பறிங்க. வெடிச்சதை விட்டுடுங்க."

லாத்ரப் சுதாரித்துக்கொண்டார். "தீர்க்கதரிசி! நாட்டுக்கு என்றேனும் தேவைப்படும் என்று அன்றே எண்ணி, இரகசியமாக…"

"இல்ல சார். அப்பாவுக்கு வீட்டு வேலைக்கு நேரமில்ல. மூட்டையைப் பிடிங்க."

பிடித்தார். பிறகு பேச மூச்சில்லை. கருப்பு உடுப்புகளில் ஊர் முழுவதும் குனிந்து பறித்தது. கஸ் வெண்ட் மற்றவர்களைவிட வேகமாகப் பறித்தார். சிரிப்பை எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை.

மூட்டைகள் நிறைந்தன. காற்றாட, வேலியில் வரிசையாகத் தொங்கவிட வேண்டும். சாலையோர வேலியை மக்காச்சோளம் மறைத்து நின்றது.

சமையலறைக் கதவு திறந்தது. அம்மா துக்க உடையோடு களஞ்சியத்துக்குள் போய், சோளம் வெட்டும் கத்தியோடு வெளியே வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. முதல் சோளத்தட்டையைப் பிடித்து அடியோடு வெட்டிச் சாய்த்தாள். பிறகு அடுத்தது.

சாலை தெரிந்தது. போய்க்கொண்டிருந்த கார் ஒன்று வேகத்தைக் குறைத்தது. அம்மா தலை நிமிராமல் அடுத்த தட்டையைப் பிடித்தாள்.