ஏழாவது பாட்டில் தம்பி

ஏழாவது பாட்டைப் போடுவதற்கு முன் தயாளினி கடைக் கதவில் பாதியை இழுத்துச் சாத்தினாள். வல்வெட்டித்துறைச் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருப்பவள் காலை பத்து மணிக்குக் கதவைச் சாத்தினால் ஊர் என்னவெல்லாம் நினைக்கும்! நினைத்துவிட்டுப் போகட்டும். லண்டனில் இருக்கிற அக்கா மகன் டிலக்ஷன் வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்டிருக்கிறான். இந்தப் பாட்டு அவனும் கூட்டாளிகளும் வெளியிடப்போகிற இசை அல்பத்தில் இருக்கலாமா, வேண்டாமா? சித்தி வேண்டாமென்றால் எடுத்துவிடுவோம் என்று எழுதியிருந்தான். ஏனென்றால் அதில் வருகிற குரல் வாகீசனுடையது. தயாளினியின் ஒரே தம்பி. தொண்ணூற்றாறாம் ஆண்டு ஆவணியில் சைக்கிளில் போனவனை ஆமிக்காரர் காவலரணில் மறித்தார்கள். அதற்குப் பிறகு அவனைக் கண்டவர் இல்லை.

டிலக்ஷனும் இன்னும் மூன்று பேருமாக ஓர் இசைக்குழு நடத்துகிறார்கள். நாற்பது, நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன் இங்கிலாந்துப் பெடியள் கோபத்தில் வாசித்த போஸ்ட் பங்க் என்கிற இசையை இவர்கள் திரும்ப எழுப்புகிறார்களாம். முதல் நாள் கேட்டபோது தயாளினிக்குத் தலையிடிதான் மிச்சம். "உதென்ன, தகரம் உருட்டிற சத்தம்?" என்று கேட்டுவிட்டுப் புருஷன் பஞ்சலிங்கம் சோற்றுக் கோப்பையோடு முற்றத்துக்கு எழும்பிப் போய்விட்டார். ஆனால் அல்பம் முழுவதையும் கேட்டுத்தானே பதில் சொல்ல வேண்டும் என்று அவள் கடையில் அதை ஓடவிட்டாள். மூன்றாம் நாள் பார்த்தால், கடதாசி அடுக்குகிற கை அந்தத் தாளத்துக்கு அடுக்குகிறது. பேஸ் கிற்றார் ஒரே நடையாக முன்னுக்குப் போக, மற்றக் கிற்றார் பின்னால் நின்று சுரண்டும். டிலக்ஷன் பாடவே மாட்டான். கந்தோரில் விண்ணப்பம் வாசிக்கிற குரலில் சொல்லிக்கொண்டே போவான். இங்கிலீசு பாதி விளங்கவில்லை. இங்கே காணாமல் போனவர்களுக்காகப் போடுகிற பாட்டுகளில் புல்லாங்குழல் முதலே அழத் தொடங்கி, நீயும் அழு என்று ஆளைப் பிடித்து உலுப்பும். இந்தப் பெடியள் அவளை அழச் சொல்லவில்லை. அதுதான் அவளுக்குப் பிடித்தது. நாலாவது பாட்டைத் திரும்பத் திரும்பப் போட்டாள். ஐம்பது வயதில் இப்படியும் ஒரு கூத்து.

ஏழாவதை மட்டும் தொடாமல் வைத்திருந்தாள். இப்போது இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு அதை அழுத்தினாள். முதலில் வந்தது 'கிர்ர்' என்ற இரைச்சல். அதற்கிடையில் சங்கிலி தட்டுகிற சத்தம். சைக்கிள்!

தொண்ணூற்றைந்தில் ஊரில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. லண்டனுக்குப் போய்விட்ட மூத்தவள் குணலட்சுமிக்குக் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசற் ஒலிநாடாவில் பேசி அனுப்புவதென்றால், சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, டைனமோவிலிருந்து ரெக்கோடருக்கு வயர் இழுத்து, ஒருத்தர் மிதிக்க ஒருத்தர் பேச வேண்டும். பேசியது பதினேழு வயது வாகீசன். மிதித்தது அவனுடைய சின்னக்கா தயாளினி. அவள் களைத்த இடங்களில் நாடா மெல்லச் சுற்றியிருக்கிறது. அதனால் இப்போது கேட்கும்போது அவன் குரல் கீச்சென்று உயர்ந்து குழந்தைக் குரலாகி, பிறகு இறங்கித் திரும்பவும் பதினேழு வயதாகிறது. அக்கா நாங்கள் சுகம், ஆடு இரண்டு குட்டி போட்டது என்று அவன் சொல்லிக்கொண்டு போக, மேளக்காரப் பெடியன் அந்தச் சங்கிலியின் தாளத்தையே பிடித்து அடித்திருந்தான். கடைசியில், "பெரியக்கா, இன்னுமொரு விசயம்..." என்று தொடங்கிய குரல் மேலே ஏறியது. "சின்னக்கா, நிப்பாட்டாதை." அவ்வளவுதான். மேளமும் கிற்றாரும் ஒரேயடியாக நின்றன. எட்டு விநாடி வெறும் மௌனம். பாட்டு முடிந்தது.

அவளுக்கு அந்தப் பின்னேரம் நல்ல ஞாபகம். கால் உளைகிறது, காணும், இனி மிதிக்க ஏலாது என்று சொல்லி இறங்கிவிட்டாள். நாளைக்குப் பேசு என்றாள். மறுநாள் விடியவே கொழும்புக்குப் போன ஆளிடம் கசற்றைக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அந்த இன்னுமொரு விசயம் என்னவென்று அவளும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. முப்பது வருஷமாக அவள் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை.

வியாழக்கிழமை டிலக்ஷனுக்குப் போன் எடுத்தாள். பாட்டு இருக்கட்டும் என்றதும் அவன் பெருமூச்சு விட்டான். முன்கூட்டியே கேட்டவர்கள் எல்லாரும் இதைத்தான் மெச்சுகிறார்களாம். ஆவி மாதிரி ஏறி இறங்கும் குரலையும், கடைசி மௌனத்தையும். அம்மா சொன்னா, பற்றரி இறங்கினபடியால்தான் குரல் அப்படியாம் என்றான்.

"பற்றரி இல்லை ராசா. நான்தான் மிதிச்சனான். அவன் என்னைத்தான் கேட்டவன். நான் இறங்கீட்டன்."

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"தன்னையும் அங்கை கூப்பிடச் சொல்லிக் கேக்க வந்தானோ தெரியாது. கேட்டிருந்தா உன்ரை அம்மா எப்பிடியும் கூப்பிட்டிருப்பா." அவள் குரல் உடைந்தது. மறைக்கவில்லை. "அவன் நிப்பாட்டாதை எண்டு சொல்லேக்கை நீங்களும் ஏன் நிப்பாட்டினீங்கள்?"

அவன் கேட்டான். "எவ்வளவு நேரம் அடிக்க வேணும், சித்தி?"

"உங்களாலை ஏலுமட்டும்."

திங்கட்கிழமை புதிய பாட்டு வந்தது. கடையில் ஆள் இருக்கும்போதே போட்டாள். 'நிப்பாட்டாதை'க்குப் பிறகு மேளம் நிற்கவில்லை. கிற்றார்கள் ஒவ்வொன்றாக விலக, சங்கிலித் தாளம் மட்டும் அதே நடையில் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். அந்தக் கசற்றில் அதற்கு மேல் ஒன்றும் இல்லையென்று உலகத்தில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? ஆனாலும் சத்தத்தைக் கூட்டினாள்.

முன்னால் நின்ற மனிசி அடையாள அட்டையில் இரண்டு கொப்பி வேண்டும் என்று இரண்டாம் தரமும் கேட்டா. தயாளினி கையை உயர்த்தினாள்.

"கொஞ்சம் பொறுங்கோ அக்கா. தம்பி ஒரு விசயம் சொல்ல வாறான்."

மனிசி அவளுடைய முகத்தைப் பார்த்தா. பிறகு அட்டையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அங்கேயே நின்றா.